அட்டையில் இல்லாத பெயர்

பன்னிரண்டு பாகம் கொண்ட ஒரு சரித்திரப் புத்தகம். அதை எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அக்காள், மற்றவர் தங்கை. ஆனால், அட்டையில் இருந்தது தங்கையின் பெயர் மட்டும்தான்.

அக்காளின் பெயரைத் தங்கை மறைத்துவிடவில்லை. தன் பெயரை அச்சிடவே கூடாது என்று பிடிவாதமாகச் சொன்னவர் அந்த அக்காளேதான்!

இது நடந்தது இங்கிலாந்து நாட்டில். புத்தகத்தின் முதல் பாகம் வெளிவந்த ஆண்டு 1840.

எங்கோ, என்றோ நடந்த கதை நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிக்கிறார்கள். எந்த ராஜா எந்த ராஜாவோடு சண்டை போட்டார், எந்த வருடம் பட்டம் ஏறினார் என்று ஒப்பிக்கிறார்கள். இதையெல்லாம் தேடிப் பிடித்து எழுதியவர்கள் யார் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. யாரோ பெரிய பேராசிரியர்கள் எழுதியிருப்பார்கள் என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

பேராசிரியர்கள் எழுதியது உண்மைதான். ஆனால், பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்கவே முடியாத பெண்களும் எழுதினார்கள். 19-ம் நூற்றாண்டில், ஒருவர் இருவர் அல்ல, பலர் எழுதினார்கள். அவர்கள் தேடி எடுத்த கடிதங்களும் கணக்குகளும் இல்லாவிட்டால் இங்கிலாந்தின் சரித்திரத்தில் பல பக்கங்கள் வெற்றுத் தாளாக இருந்திருக்கும்.

அப்படிப்பட்டவர்களின் பெயர்கள் நமக்கு ஏன் தெரியவில்லை? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

மூடிய கதவுகள்

1837-ம் ஆண்டு விக்டோரியா இங்கிலாந்தின் ராணி ஆனார். அப்போது அவருக்கு வயது 18.

நாட்டை ஆள்பவர் ஒரு பெண். ஆனால், அந்த நாட்டில் ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க முடியாது!

லண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது 1878-ல். ஆக்ஸ்போர்டு பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1920-ல். கேம்பிரிட்ஜோ 1948 வரை பெண்களைக் காக்க வைத்தது.

இன்னொரு கொடுமையும் உண்டு. கல்யாணம் ஆன பெண் எழுதிச் சம்பாதித்தால், அந்தப் பணம் சட்டப்படி கணவனுக்குச் சொந்தம். 1870-ல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் அவள் சம்பாத்தியம் அவளுடையது ஆயிற்று.

படிக்க இடம் இல்லை. பட்டம் இல்லை. சம்பாதித்த காசும் சொந்தம் இல்லை. இந்த நிலையில்தான் அவர்கள் பேனாவைப் பிடித்தார்கள்.

எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு

முதலில் சொன்ன அக்காள்-தங்கை கதைக்கு வருவோம்.

அக்காள் பெயர் எலிசபெத் ஸ்டிரிக்லண்ட். 1794-ல் பிறந்தவர். தங்கை ஆக்னஸ். 1796-ல் பிறந்தவர். அந்த வீட்டில் ஆறு பெண்கள், இரண்டு ஆண்கள். சபோக் என்ற கிராமப்புற மாவட்டத்தில் 'ரெய்டன் ஹால்' என்ற பழைய மாளிகையில் வளர்ந்தார்கள்.

தகப்பனார் தாமஸ் ஸ்டிரிக்லண்ட் கொஞ்சம் மாறுபட்ட மனிதர். 'பெண் பிள்ளைகளுக்குத் தையலும் பாட்டும் போதும்' என்று ஊரார் நினைத்த காலத்தில், ஆண் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் படிப்பைத் தன் பெண்களுக்கும் கொடுத்தார். வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தன.

1818-ல் அவர் இறந்தார். மாளிகை இருந்தது, வருமானம் இல்லை. மானமாக வாழ வேண்டும். என்ன செய்வது? படித்த படிப்பு கை கொடுத்தது. ஒருவர் பின் ஒருவராக அந்த வீட்டுப் பெண்கள் எழுதத் தொடங்கினார்கள்.

ஆறு சகோதரிகளில் ஐந்து பேர் புத்தகம் எழுதி அச்சிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! கேதரின், சூசன்னா என்ற இரு தங்கைகள் கல்யாணம் செய்துகொண்டு 1832-ல் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். காட்டை வெட்டிக் குடியேறிய வாழ்க்கையைப் பற்றி அவர்கள் எழுதிய புத்தகங்கள் கனடாவில் இன்றும் பெயர் பெற்றவை.

எலிசபெத் லண்டனுக்குப் போய்ப் பத்திரிகை ஆசிரியை ஆனார். அந்த நேரத்தில்தான் விக்டோரியா பட்டத்துக்கு வந்தார். பெண் ஒருத்தி அரசாளும் காலத்தில், முன்பிருந்த ராணிகளைப் பற்றி அறிய மக்கள் ஆசைப்படுவார்கள் அல்லவா? 1066-ல் நார்மன்கள் நாட்டைப் பிடித்தது முதல் ஆன் ராணியின் காலம் வரை, இங்கிலாந்து ராணிகள் எல்லோருடைய வரலாற்றையும் எழுதுவது என்று சகோதரிகள் முடிவு செய்தார்கள்.

மந்திரி சொன்ன 'முடியாது'

கற்பனையாக எழுதினால் அது கதை. சரித்திரம் என்றால் ஆதாரம் வேண்டும். ராணிகள் எழுதிய கடிதங்களும் அரண்மனைக் கணக்குகளும் அரசாங்கத் தஸ்தாவேஜுகளோடு பூட்டிக் கிடந்தன. அவற்றைப் பார்க்க உள்நாட்டு மந்திரியின் அனுமதி வேண்டும்.

அப்போது மந்திரியாக இருந்தவர் ஜான் ரஸ்ஸல் பிரபு. அனுமதி கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார்.

சகோதரிகள் அழுதுகொண்டு உட்காரவில்லை. தெரிந்தவர்கள் மூலமாக முயன்றுகொண்டே இருந்தார்கள். 1839-ல் மந்திரி மாறினார். புதிதாக வந்த நார்மன்பி பிரபு அனுமதி கொடுத்தார். கதவு திறந்தது!

அதன் பிறகு இருவரும் உழைத்த உழைப்பைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். எலிசபெத்துக்குக் கூட்டம் பிடிக்காது. நூலகத்தில் உட்கார்ந்து பழைய கையெழுத்துகளைப் படிப்பதில் அவருக்கு விருப்பம். ஆக்னஸ் நாலு பேரோடு பழகக் கூடியவர். பிரபுக்களின் மாளிகைகளுக்கு விருந்தாளியாகப் போவார். அங்கே பெட்டிகளில் தூங்கிய குடும்பக் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் படிப்பார். 1844-ல் பாரீசுக்கும் போனார். அங்கே மந்திரியாக இருந்த கிசோ தாமும் ஒரு சரித்திர ஆசிரியர். அவர் பிரெஞ்சு அரசாங்கத் தஸ்தாவேஜுகளைப் பார்க்க உதவினார்.

1840-ல் தொடங்கி 1848-க்குள் பன்னிரண்டு பாகங்களும் வெளிவந்தன. புத்தகம் நன்றாக விற்றது. ஆக்னஸ் ஸ்டிரிக்லண்ட் என்ற பெயர் நாடெங்கும் பரவியது. 1870-ல் அரசாங்கம் அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் உதவித்தொகை அளித்தது.

எலிசபெத்? தாமே பல ராணிகளின் வரலாற்றை எழுதியிருந்தும், கடைசி வரை பெயர் வேண்டாம் என்றே இருந்துவிட்டார். 1875-ல், தங்கை இறந்த மறு ஆண்டு, அவரும் காலமானார்.

அடக்கமா, அச்சமா?

"பெயர் வேண்டாம் என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம்.

அடக்கம் நல்ல குணம்தான். யார் இல்லை என்றார்கள்? ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். குடும்பப் பெண்ணின் பெயர் ஊரார் வாயில் அடிபடக் கூடாது என்று எல்லோரும் நினைத்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பெண் ஒதுங்கி நின்றால், அதை முழுக்க முழுக்க அவள் விருப்பம் என்று சொல்லிவிட முடியுமா? அதே காலத்தில் சரித்திரம் எழுதிய ஆண்கள் எத்தனை பேர் தங்கள் பெயரை வேண்டாம் என்றார்கள்?

பெயர் வெறும் பெருமைக்காக மட்டும் அல்ல. அட்டையில் பெயர் இருந்தால்தான் பின்னால் வருபவர்களுக்கு, 'இதை ஒரு பெண் செய்தாள். நாமும் செய்யலாம்' என்ற துணிச்சல் வரும்.

சரித்திரமா, வம்பளப்பா?

அந்தப் புத்தகத்தைப் படித்த அறிஞர்கள் சிலர் ஏளனம் செய்தார்கள். ராணி என்ன உடை உடுத்தினாள், விருந்துக்கு என்ன செலவு செய்தாள் என்று எழுதுவதெல்லாம் சரித்திரமா என்று கேட்டார்கள். அது வெறும் வம்பளப்பு என்பது அவர்கள் எண்ணம்.

நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வீட்டின் நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மளிகைக் கணக்கைப் பாருங்கள். யார் வந்தார்கள், யாருக்கு என்ன கொடுத்தார்கள், எந்த மாதம் கையைக் கடித்தது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். அரண்மனைக் கணக்கும் அப்படித்தான். போர்க்களத்தைப் பற்றி எழுதுவது சரித்திரம் என்றால், அந்தப் போருக்குப் போனவர்களின் வீட்டில் என்ன நடந்தது என்பதும் சரித்திரமே.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆக்னஸ் அம்மையாருக்குப் பாரபட்சம் உண்டு. 1587-ல் தலை வெட்டப்பட்டு இறந்த ஸ்காட்லாந்து ராணி மேரி என்றால் அவருக்கு உயிர். மேரியின் மீது யாராவது பழி சொன்னால் வக்கீல் போல வாதாடுவார். சரித்திரம் எழுதுபவர் வக்கீலாக இருக்கக் கூடாது. ஆனால், அந்தக் குறை ஆண்களிடமும் இருந்தது. அவர்களுடையதைக் 'கருத்து' என்றார்கள். பெண்களுடையதை 'உணர்ச்சி' என்றார்கள்!

நாற்பத்தொரு தொகுதிகள்

அடுத்து ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உழைப்பில் எல்லோரையும் மிஞ்சியவர் அவர்.

பெயர் மேரி ஆன் எவரெட் கிரீன். ஷெப்பீல்டு நகரில் 1818-ல் பிறந்தவர். தகப்பனார் பாதிரியார். 1841-ல் குடும்பம் லண்டனுக்கு வந்தது. அன்று முதல் பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகம்தான் மேரிக்குப் பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம். அயல்நாட்டு மொழிகள் பலவற்றைக் கற்றுக்கொண்டார்.

1846-ல் அவர் ஒரு தொகுப்பை வெளியிட்டார். பழங்காலத்து ராணிகள், பிரபுக்களின் மனைவிமார், கன்னிமாடத் தலைவிகள் ஆகியோர் எழுதிய கடிதங்களை மூன்று பாகங்களாகத் தொகுத்தார். பெண்கள் தங்கள் வாயாலேயே பேசிய சரித்திரம் அது. பிறகு இங்கிலாந்தின் இளவரசிகளைப் பற்றி ஆறு பாகம் எழுதினார்.

இடையில் ஓர் ஓவியரைத் திருமணம் செய்துகொண்டார். கணவர் படம் வரைவதற்காகப் பாரீசுக்கும் ஆன்ட்வெர்ப்புக்கும் போனார். மேரியும் கூடப் போனார். அந்த ஊர் நூலகங்களை அலசினார்!

அவருடைய திறமை அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. ரிக்கார்டு ஆபீசின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஜான் ரோமிலி. அவர் 1854-ல் மேரி அம்மையாரை அழைத்து ஒரு வேலை கொடுத்தார்.

என்ன வேலை தெரியுமா?

மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடந்தன அரசாங்கக் கடிதங்கள். பல கடிதங்களில் தேதி இல்லை. சிலவற்றில் கையெழுத்து இல்லை. 200, 250 ஆண்டுக்கு முந்திய எழுத்து. கோழி கிளறியது போல இருக்கும். ஒவ்வொன்றையும் பிரித்துப் படிக்க வேண்டும். யார், யாருக்கு, எப்போது எழுதியது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் சாரத்தைச் சில வரிகளில் எழுத வேண்டும். பிறகு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி அச்சிட வேண்டும்.

ஒரு நாள் செய்தாலே கண் பூத்துவிடும். மேரி அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் செய்தார். பிள்ளைகளையும் வளர்த்தார். அவர் மகள் ஈவ்லின் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கதைப் புத்தகங்கள் எழுதிப் பெயர் பெற்றார்.

1605-ல் வெடிமருந்து வைத்துப் பார்லிமெண்டைத் தகர்க்க நடந்த சதி, 1665-ல் லண்டனில் பரவிய பிளேக் நோய், 1666-ல் அந்த நகரைச் சுட்டெரித்த பெருந்தீ ஆகிய எல்லாவற்றையும் பற்றிய கடிதங்கள் அவர் கை வழியாகத்தான் வரிசைக்கு வந்தன. 1895-ல் அவர் இறந்தபோது, அவர் முடித்திருந்த தொகுதிகள் 41!

17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் அந்தத் தொகுதிகளைப் புரட்டுகிறார்கள். ஆனால், எழுதும் புத்தகத்தின் அட்டையில் வருவது எழுதியவரின் பெயர்தான். பாதை போட்டவரின் பெயர், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

தந்தைக்காக, கணவருக்காக

வேறு சிலர் இன்னொரு வழியாகச் சரித்திரத்துக்கு வந்தார்கள்.

லூசி டூல்மின் ஸ்மித்தின் தகப்பனார் இங்கிலாந்தின் பழைய தொழில் சங்கங்கள், தர்ம சங்கங்களின் விதிகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். 1869-ல் திடீரென்று இறந்துவிட்டார். அரைகுறையாக நின்ற புத்தகத்தை மகள் முடித்து 1870-ல் வெளிக்கொண்டு வந்தார். அதோடு நிற்கவில்லை. பழைய நாடகங்களையும் பயண நூல்களையும் பதிப்பித்தார். 1894-ல் ஆக்ஸ்போர்டில் மான்செஸ்டர் கல்லூரி நூலகத்துக்குத் தலைவி ஆனார். பெண்களுக்கு ஆக்ஸ்போர்டு பட்டம் கொடுக்காத காலத்தில், அந்த ஊரிலேயே ஒரு நூலகத்தின் சாவி ஒரு பெண்ணின் கையில்!

அயர்லாந்தில் 1847-ல் பிறந்தவர் ஆலிஸ் ஸ்டாப்போர்டு. இளம் வயதிலேயே கண் நோய் வந்து, பல ஆண்டுகள் புத்தகத்தைத் தொட முடியாமல் தவித்தவர். பார்வை திரும்பியது. 1877-ல் ஜான் ரிச்சர்டு கிரீன் என்ற புகழ்பெற்ற சரித்திர ஆசிரியரை மணந்தார். கணவருக்கு நெஞ்சில் நோய். படுத்த படுக்கையாக இருந்தபோதும் கணவர் சொல்ல, மனைவி எழுதினார். 1883-ல் கணவர் இறந்தார். முடியாமல் நின்ற அவருடைய கடைசிப் புத்தகத்தை ஆலிஸ் முடித்து வெளியிட்டார்.

அதன் பிறகுதான் ஆலிஸ் தம் சொந்தக் காலில் நின்றார். 15-ம் நூற்றாண்டு நகர வாழ்க்கையைப் பற்றி 1894-ல் இரண்டு பாகம் எழுதினார். 1908-ல் அயர்லாந்தின் பழைய செழிப்பையும் அது சீரழிந்த விதத்தையும் பற்றி எழுதினார். 1922-ல் அயர்லாந்தின் முதல் செனட் சபையில் உறுப்பினர் ஆனார்.

கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலும் ஒருவர் இருந்தார். எலிசபெத் எல்லெட் என்று பெயர். அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் தளபதிகளைப் பற்றியே பேசின. 'அந்தப் போரில் பெண்கள் என்ன செய்தார்கள்?' என்ற கேள்வி இவருக்கு எழுந்தது. போர்க்காலத்துப் பெண்களின் மக்களையும் பேரப் பிள்ளைகளையும் தேடிப் பிடித்தார். அவர்களிடம் இருந்த கடிதங்களை வாங்கினார். கேட்ட கதைகளை எழுதிக்கொண்டார். 1848-ல் இரண்டு பாகமும் 1850-ல் மூன்றாம் பாகமும் வெளிவந்தன. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால், சொல்லத் தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

உதவியாளர் அல்ல

"இவர்கள் தொகுத்தார்கள், அடுக்கினார்கள், மற்றவர் விட்டதை முடித்தார்கள். அதெல்லாம் உதவி வேலைதானே?" என்று சொல்பவர்கள் உண்டு.

அவர்களுக்கு என் பதில் இதுதான். அஸ்திவாரம் போட்டவரை வீடு கட்டியவர் இல்லை என்று சொல்வீர்களா? தேதி இல்லாத கடிதத்துக்குத் தேதி கண்டுபிடிக்க, அந்தக் காலம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதுவே சரித்திர அறிவு. அதைச் செய்தவர் உதவியாளர் அல்ல, சரித்திர ஆசிரியர்.

"ராணிகளையும் இளவரசிகளையும் பற்றித்தானே எழுதினார்கள், ஏழைப் பெண்ணைப் பற்றி எழுதவில்லையே" என்ற குறை நியாயமானது. அரண்மனையில்தான் காகிதம் பத்திரமாக இருந்தது. ஏழை வீட்டில் எழுதியவர் இல்லை. எழுதினாலும் காப்பாற்றியவர் இல்லை. காகிதம் இல்லாத இடத்தில் சரித்திரமும் இல்லாமல் போய்விடுகிறது.

இங்கேதான் நம் வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கல்யாணப் போட்டோ இருக்கிறதா? எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆண்களுக்கெல்லாம் பெயர் எழுதியிருக்கும். பெண்களுக்கு? 'பெரியப்பா சம்சாரம்', 'மாமா சம்சாரம்' என்று எழுதியிருக்கும். அந்தச் சம்சாரத்துக்கு ஒரு பெயர் இருந்தது. அவரும் ஒரு வீட்டைக் கட்டிக் காத்தார். பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருப்பார். நகையை விற்றுப் படிக்க வைத்திருப்பார். அவர் பெயர் சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இன்னும் ஒருவராவது இருப்பார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பிள்ளையின் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். பாட்டி ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பெயர் சொல்லட்டும். பிள்ளை எழுதட்டும். ஊரையும் வருடத்தையும் சேர்த்து எழுதட்டும்.

கடைசியில் பாட்டியின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். "என் பெயர் எதற்கப்பா?" என்று அவர் சொல்லக் கூடும். விடாதீர்கள்!